வெள்ளிக் குழாய் முதல் கைப்பை வரை

ஊர்ப் பயணம் புறப்படும்போது நாம் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கிறோம்? பயணச்சீட்டு, பணம், மாற்றுடை, கட்டுச்சோறு. வழியில் சிறுநீர் கழிப்பது எப்படி என்பதைப் பெரும்பாலோர் எண்ணுவதே இல்லை. அந்த வேலையை உடல் தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால், உடல் அந்த வேலையைச் செய்ய மறுத்துவிட்ட மனிதர்களும் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு வீட்டு வாசலைத் தாண்டுவதே ஒரு பெரும் பயணம்.

நம் சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் சிறுநீரைப் பிரிக்கின்றன. ஒரு நாளில் 1440 நிமிடங்கள் அல்லவா? எனவே, நிமிடத்திற்கு ஒரு மில்லி லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சொட்டுச் சொட்டாக வந்து சேரும் இந்த நீரைச் சிறுநீர்ப்பை தேக்கி வைக்கிறது. 400 மில்லி லிட்டர் அளவுக்கு நிறைந்ததும் நமக்கு உணர்வு ஏற்படுகிறது. மூளையும் தண்டுவடமும் நரம்புகளும் ஒன்றுபட்டு இயங்க, பை சுருங்குகிறது, வாயில் திறக்கிறது.

தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு இந்த ஒற்றுமை அறுந்துபோகிறது. பிறவியிலேயே முதுகெலும்பு மூடாத குழந்தைகளுக்கும், சில நரம்பு நோயாளிகளுக்கும் இதே நிலைதான். முதிய ஆண்கள் சிலருக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியையே அடைத்துவிடுகிறது. இவர்கள் அனைவருக்கும் உதவுவது ஒரு மெல்லிய குழாய். மருத்துவர்கள் இதனைக் கதீட்டர் என்பர். மருத்துவமனைப் பேச்சில் இது வெறும் 'டியூப்'. நாம் வடிகுழாய் என்று அழைப்போம்.

தேங்கிய சிறுநீரைக் குழாய் விட்டு வடிக்கலாம் என்பது மிகப் பழைய அறிவு. அக்குழாயுடன் ஒருவர் எழுந்து நடமாடலாம், வேலைக்குப் போகலாம், வெளியூர் செல்லலாம் என்பதோ மிக அண்மைக்கால அறிவு. இவ்விரண்டுக்கும் இடையே கிடந்த நீண்ட தொலைவை மனிதர் எவ்வாறு கடந்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நெய் தடவிய குழாய்

நம் நாட்டின் பழம்பெரும் அறுவை மருத்துவ நூலாகிய சுசுருத சம்ஹிதையில் வடிகுழாய் பற்றிய குறிப்பு உள்ளது. பொன், வெள்ளி, இரும்பு, மரம் ஆகியவற்றால் குழாய்கள் செய்து, அவற்றின் மேல் நெய் தடவிச் செலுத்தினர். நெய் தடவியது வெறும் சடங்கன்று. இரண்டு பரப்புகளுக்கிடையே ஒரு வழவழப்பான படலம் இருந்தால் உராய்வு குறையும் என்பதை அனுபவத்தால் உணர்ந்து செய்த செயல் அது. இந்த நெய்யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் இறுதிப் பகுதியில் இது வேறு வடிவில் திரும்ப வரும்.

சீன மருத்துவர்கள் வேறு வழி கண்டனர். உள்ளீடற்ற வெங்காயத்தாளையே குழாயாகப் பயன்படுத்தினர். உலோகம் கடினமானது, தாள் மென்மையானது. ஆனால் மென்மையான பொருள் வழியிலேயே மடங்கிவிடும். கடினம் வேண்டுமா, நெகிழ்வு வேண்டுமா என்ற இந்தச் சிக்கல் வடிகுழாயின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் புதையுண்ட பாம்பெய் நகரில் அகழ்ந்தெடுத்த பொருள்களுள் வெண்கல வடிகுழாய்களும் உண்டு. அவற்றுள் சில, ஆங்கில எழுத்தான 'எஸ்' போல இரண்டு வளைவுகள் உடையவை. ஆண்களின் சிறுநீர்ப் புறவழி ஏறத்தாழ 20 செ.மீ. நீளம் கொண்டது, இடையில் வளைந்து செல்வது. பெண்களுக்கு அது 4 செ.மீ. அளவே, பெரும்பாலும் நேரானது. உரோமானிய நூலாசிரியர் செல்சஸ், மருத்துவரிடம் ஆண்களுக்கென 15, 12, 9 விரற்கடை நீளமுள்ள மூன்று குழாய்களும், பெண்களுக்கென 9, 6 விரற்கடை நீளமுள்ள இரண்டு குழாய்களும் இருக்க வேண்டும் என்று எழுதினார். உடலமைப்பை அவர்கள் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதை இது காட்டுகிறது.

எனினும், இக்குழாய்கள் அனைத்தும் மருத்துவரின் கருவிப் பெட்டியில் இருந்தவை. நோயாளி படுத்துக் கிடப்பார், மருத்துவர் வந்து வடிப்பார், போய்விடுவார். அடுத்த முறை பை நிறையும்போது மருத்துவர் அருகில் இல்லாவிட்டால்? துன்பந்தான்.

அண்ணனுக்காக ஒரு குழாய்

மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டிய பெஞ்சமின் பிராங்க்ளினை இயற்பியல் மாணவர்கள் நன்கு அறிவர். அவர் அந்த ஆய்வுகளில் மூழ்கியிருந்த அதே 1752-ஆம் ஆண்டில், அவருடைய அண்ணன் ஜான் பிராங்க்ளின் பாஸ்டன் நகரில் சிறுநீர்ப்பைக் கல்லால் அவதியுற்றுக்கொண்டிருந்தார். விறைத்த உலோகக் குழாயின் வேதனையைத் தாங்க முடியாமல், வளையும் குழாய் ஒன்று கிடைக்குமா என்று அவர் ஏங்கினார்.

பிலடெல்பியாவில் இருந்த தம்பி உடனே ஒரு வெள்ளி வேலைக்காரரிடம் சென்றார். சிறு சிறு துண்டுகளை மூட்டுகளால் இணைத்து, வளைந்து கொடுக்கும் வெள்ளிக் குழாய் ஒன்றைச் செய்வித்தார். வேலை முடியும் வரை அங்கேயே அமர்ந்திருந்து வாங்கினார். டிசம்பர் 8-ஆம் நாள், அதைப் பயன்படுத்தும் முறையை விளக்கி அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். ஐரோப்பாவில் இவருக்கு முன்பே வளையும் குழாய் செய்ய முயன்றவர்கள் உண்டு. ஆகையால் பிராங்க்ளினே இதனை முதன்முதலில் கண்டறிந்தவர் என்று சொல்ல இயலாது. ஆயினும், இக்குழாய் நோயாளியின் கையில் கொடுப்பதற்கென்றே செய்யப்பட்டது என்பது இங்குக் கவனிக்கத் தக்கது.

பிற்காலத்தில் பிராங்க்ளினுக்கே சிறுநீர்ப்பையில் கல் உண்டாயிற்று. 1785-ஆம் ஆண்டு ஜூலை மாதம், பிரான்சு நாட்டுத் தூதுப்பணி முடிந்து அவர் தாயகம் திரும்பியபோது வயது 79. குதிரை வண்டியின் ஒவ்வொரு குலுக்கலும் அவருக்கு வேதனையாக இருந்தது. எனவே, கோவேறு கழுதைகள் சுமந்து செல்லும் அரசியின் பல்லக்கை அவருக்குக் கொடுத்து உதவினர். அதில் படுத்தவாறே பாசி என்னும் ஊரிலிருந்து ல ஆவ்ர் துறைமுகம் வரை சென்றார். அரசியின் பல்லக்குக் கிடைக்காத மற்றவர்கள் என்ன செய்திருப்பர்? வீட்டிலேயே இருந்திருப்பர்.

19-ஆம் நூற்றாண்டில், புராஸ்டேட் தொல்லை உள்ள வசதி படைத்த முதியவர்கள் சிலர் தம் வடிகுழாயைத் தாமே எடுத்துச் சென்றனர். உள்ளே குடைந்த கைத்தடியிலும், தொப்பியின் உள்பட்டையிலும் அதை மறைத்து வைத்துக்கொண்டனர். பிறர் அறியக்கூடாது என்ற கூச்சம் அன்றும் இருந்தது.

ரப்பரும் மூன்றில் ஒரு மில்லி மீட்டரும்

இயற்கை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் அதனுடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்கும் என்று கண்டார். 1844-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1860-இல் பாரிஸ் அறுவை மருத்துவர் அகஸ்தே நெலத்தான், இந்தப் பதப்படுத்திய ரப்பரால் வடிகுழாய் செய்தார். தன் வடிவத்தைக் காத்துக்கொள்ளும் அளவுக்கு உறுதி, உடலின் வளைவுக்கு இணங்கும் அளவுக்கு நெகிழ்வு ஆகிய இரண்டும் ஒரே பொருளில் கிடைத்தன. 'நெலத்தான் குழாய்' என்ற பெயர் இன்றும் மருந்துக் கடைகளில் வழங்குகிறது.

குழாயின் பருமனைக் குறிக்க ஓர் அளவுமுறையும் பாரிசிலேயே பிறந்தது. கருவி செய்வதில் வல்லவரான ஷாரியேர் என்பவர் வகுத்த இம்முறையில், ஓர் அலகு என்பது வெளி விட்டத்தில் மூன்றில் ஒரு மில்லி மீட்டர். அதாவது, 12 எண் குழாயின் விட்டம் 4 மி.மீ.; 18 எண் குழாயின் விட்டம் 6 மி.மீ. இதனை இன்று உலகெங்கும் 'பிரெஞ்சு அளவு' என்கின்றனர்.

இந்தச் சிறு வேறுபாடுகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? குறுகிய குழாயில் பாயும் திரவத்தின் அளவு, ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற பாய்ஸெய் விதியை மேல்நிலை வகுப்பு மாணவர்கள் படித்திருப்பர். உள்விட்டம் இரு மடங்கானால் பாய்வு 16 மடங்காகும். குழாய் சற்றுப் பருத்தால் சிறுநீர் விரைவில் வடியும். ஆனால் புறவழி புண்படும். சற்று மெலிந்தால் துன்பம் குறையும். ஆனால் நேரம் பிடிக்கும். பேருந்து நிலையக் கழிப்பறையின் வெளியே வரிசை நிற்கும்போது அந்த நேரமும் ஒரு பொருட்டுதான்!

ரப்பரின் வரலாற்றில் தமிழருக்கும் பங்கு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகச் சந்தைக்கு ரப்பரை மிகுதியாக அனுப்பிய நாடு மலாயா. அங்குள்ள தோட்டங்களில் விடியற்காலையில் எழுந்து பால்மரம் சீவியவர்களில் பெருந்தொகையினர் தமிழ்த் தொழிலாளர்கள்.

பலூனும் படுக்கையும்

ரப்பர்க் குழாயைச் செலுத்துவது எளிது. அதை உள்ளேயே நிறுத்தி வைப்பது கடினம். ஒட்டுநாடாவால் ஒட்டியும் நூலால் கட்டியும் பார்த்தனர். நழுவி விழுந்துகொண்டே இருந்தது.

அமெரிக்காவின் செயின்ட் பால் நகர மருத்துவர் பிரெடரிக் போலி, குழாயின் முனையருகே ஒரு சிறு பலூனை அமைத்தார். குழாய் சிறுநீர்ப்பையை அடைந்ததும், தனி வழியே சில மில்லி லிட்டர் நீரைச் செலுத்தினால் பலூன் உப்பும். குழாய் வெளியே வராது. நீரை உறிஞ்சிவிட்டால் பலூன் சுருங்கும், குழாயை எடுத்துவிடலாம். 1935-இல் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர்களின் கூட்டத்தில் அவர் இதனைக் காட்டினார். காப்புரிமை வழக்கில் அவர் தோற்றார். உரிமை ரப்பர் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த பால் ரைஷ் என்பவருக்குக் கிடைத்தது. ஆனால் பெயர் போலிக்கே நிலைத்துவிட்டது.

பலூன் குழாய் பல உயிர்களைக் காத்தது. அதே சமயம் நோயாளியைக் கட்டிலோடு பிணைத்தும் வைத்தது. குழாயின் மறுமுனை கட்டிலுக்கு அடியில் இருந்த திறந்த கண்ணாடிக் குடுவைக்குள் தொங்கும். குடுவையில் வளரும் கிருமிகள் குழாய் வழியே மேலேறும். திறந்த குடுவை முறையில் நான்கு நாட்களுக்குள் ஏறக்குறைய எல்லா நோயாளிகளின் சிறுநீரிலும் கிருமிகள் பெருகிவிடுவது வழக்கமாக இருந்தது.

தீர்வு மிக எளியது: குழாயையும் கொள்கலத்தையும் இணைத்து, காற்றுப் படாமல் மூடிவிடுவது. 1928-லேயே இங்கிலாந்தின் கத்பர்ட் டியூக்ஸ் இம்முறையைப் பயன்படுத்தினார். ஆயினும் இது பரவலாக நெடுநாள் ஆயிற்று. மலிவான பிளாஸ்டிக் பைகள் வந்த பின்னரே வழி பிறந்தது. 1966-இல் கூனின், மெக்கார்மக் என்ற அமெரிக்க மருத்துவர்கள், மூடிய வடிகால் முறையால் நோய்த்தொற்று வெகுவாகக் குறைவதை எடுத்துக்காட்டினர்.

கண்ணாடிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு எவரும் தெருவில் நடக்க முடியாது. பிளாஸ்டிக் பையையோ காலில் கட்டிக்கொள்ளலாம். சேலைக்குள்ளோ வேட்டிக்குள்ளோ கால்சட்டைக்குள்ளோ அது மறைந்துவிடும். கட்டிலின் சங்கிலி இவ்வாறு முதன்முறையாகத் தளர்ந்தது.

தண்டுவடம் அறுந்தவர்களின் விளையாட்டு

முதல் உலகப் போரில் தண்டுவடத்தில் குண்டடிபட்ட வீரர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இறந்தனர். அவர்களைக் கொன்றவற்றுள் முதன்மையானவை படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே. பிழைத்தவர்களும் சில மாதங்களே வாழ்வர் என்பது அக்கால மருத்துவ நம்பிக்கை.

இந்நம்பிக்கையை உடைத்தவர் லுட்விக் குட்மான். ஜெர்மனியில் நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி 1939-இல் இங்கிலாந்துக்கு வந்த யூத நரம்பியல் மருத்துவர் அவர். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். அங்கே குழாயை நிரந்தரமாக உள்ளே விட்டு வைக்காமல், குறிப்பிட்ட இடைவெளியில் செலுத்தி வடித்துவிட்டு உடனே எடுத்துவிடும் முறையைக் கையாண்டார். கையுறை அணிந்த மருத்துவர், கிருமி நீக்கிய கருவிகளைக் கொண்டு, கை படாமல் செய்ய வேண்டிய பணி அது. 1966-இல் அவரும் ஹான்ஸ் பிராங்கெலும் வெளியிட்ட அறிக்கை, 476 நோயாளிகளைப் பற்றியது. அவர்களில் பெரும்பான்மையோர் கிருமியற்ற சிறுநீருடன் மருத்துவமனையை விட்டுச் சென்றனர்.

1948 ஜூலை 29-ஆம் நாள் லண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கியது. அதே நாளில் குட்மான் தம் மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1960-இல் ரோம் நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த 400 பேர் கலந்துகொண்ட விளையாட்டு விழாவாக அது வளர்ந்தது. இன்று அதையே முதல் பாராலிம்பிக் என்கிறோம். படுக்கையிலேயே இறந்துவிடுவர் என்று கருதப்பட்டவர்கள் நாடு விட்டு நாடு பறந்து சென்றனர்!

நம் பகுதியிலும் இத்தகைய மாற்றத்துக்கு வித்திட்டவர் ஒருவர் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டார். சக்கர நாற்காலியில் இருந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று பயிற்சி பெற்றுத் திரும்பினார். அவரது முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

சோப்பும் தண்ணீரும் போதும்

குட்மானின் முறையில் ஒரு தடை இருந்தது. ஒவ்வொரு முறையும் கிருமி நீக்கிய தட்டும், கையுறையும், பயிற்சி பெற்ற ஒருவரும் தேவை. இவற்றை மருத்துவமனையில் தரலாம். இரயில் வண்டியில் யார் தருவார்?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லாபிடஸ் இத்தடையை நீக்கினார். அவருடைய வாதம் இயற்பியல் மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். சிறுநீர்ப்பையை ஒரு கோளமாகக் கருதுவோம். சுவரின் இழுவிசை, உள்ளழுத்தம், ஆரம் ஆகிய இரண்டின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது லாப்லாஸ் விதி. பை அளவுக்கு மீறி நிறையும்போது ஆரமும் கூடுகிறது, அழுத்தமும் கூடுகிறது. சுவர் விறைப்பாக இழுபட்டு, அதனுள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. இரத்தம் குறைந்த சுவர் கிருமியை எதிர்க்கும் ஆற்றலை இழக்கிறது.

ஆகவே, நோய்க்கு முதன்மையான காரணம் குழாயோடு நுழையும் சில கிருமிகள் அல்ல. காலத்தில் வடிக்காமல் பையை விரிய விடுவதே என்றார் லாபிடஸ். உரிய நேரத்தில் வடித்துவிட்டால் நுழைந்த சில கிருமிகளை உடலே சமாளித்துக்கொள்ளும். எனவே முழுமையான கிருமி நீக்கம் கட்டாயமில்லை. சோப்பும் தண்ணீரும் கொண்டு கையையும் குழாயையும் கழுவினால் போதும். அதற்காகத் தண்ணீர் கிடைக்கவில்லை என்று வடிக்காமல் இருந்துவிடக் கூடாது. 1972-இல் வெளிவந்த அவரது கட்டுரையின் சாரம் இதுவே. செவிலியர் பெட்டி லோ என்பவர் நோயாளிகளுக்கு இம்முறையைக் கற்றுக்கொடுத்தார்.

மருத்துவ உலகம் முதலில் முகம் சுளித்தது. கிருமி நீக்கம் என்ற கொள்கையைக் கட்டிக் காத்த ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு 'சுத்தமாக இருந்தால் போதும்' என்பதை ஏற்பது எளிதா? ஆனால் நோயாளிகள் நலமாக இருந்தனர். அவர்களின் சிறுநீரகங்கள் கெடாமல் இருந்தன. எட்வர்ட் மெக்கயர் 1981-இல் மற்றோர் உண்மையைக் காட்டினார். பிறவித் தண்டுவடக் குறையுள்ள பிள்ளைகளை ஆராய்ந்தபோது, சிறுநீர்ப்பையின் அழுத்தம் 40 செ.மீ. நீர்த்தம்ப அளவைத் தாண்டிய பிறகே கசிவு ஏற்படும் பிள்ளைகளின் சிறுநீரகங்கள் கெடக் கண்டார். ஒன்றரை அடிக்கும் குறைவான நீர்த்தம்பம்! அதன் அடியிலுள்ள அழுத்தம் பல நாள் தொடர்ந்தால் ஓர் உறுப்பையே அழிக்க வல்லது.

நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு முறை, தாமே வடித்துக்கொள்ளும் இந்த முறை உலகெங்கும் பரவியது. ஒரு மெல்லிய குழாய், ஒரு சிறு உறை, ஒரு துண்டு சோப்பு. கைப்பையில் அடங்கிவிடும் பொருள்கள் இவை. பிராங்க்ளின் அண்ணன் ஏங்கியது, ஏறத்தாழ 220 ஆண்டுகளுக்குப் பிறகு எளியவர்களுக்கும் கிட்டியது எனலாம்.

இம்முறை பள்ளி வாசலையும் திறந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறவித் தண்டுவடக் குறையுள்ள ஒரு சிறுமிக்கு மூன்று, நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை குழாய் விட்டு வடிக்க வேண்டியிருந்தது. அதைச் செய்வது மருத்துவப் பணி, எங்கள் பொறுப்பன்று என்றது இர்விங் நகரப் பள்ளி நிருவாகம். வழக்கு நாட்டின் உச்சநீதிமன்றம் வரை சென்றது. சில நிமிடங்களில், மருத்துவர் அல்லாதவரும் பழகிச் செய்யக்கூடிய இவ்வுதவி இல்லாவிட்டால் அக்குழந்தை பள்ளியில் இருக்கவே முடியாது. எனவே பள்ளி இதனைச் செய்தே ஆகவேண்டும் என்று 1984-இல் தீர்ப்பாயிற்று. சோப்பும் தண்ணீரும் போதும் என்ற எளிய கண்டுபிடிப்பு இல்லாமல் இத்தீர்ப்பு பிறந்திருக்குமா?

பயணத்தின் இயற்பியல்

இன்று வடிகுழாயுடன் பயணம் செய்பவர் அறிந்திருக்க வேண்டியவற்றுள் பல, பள்ளி இயற்பியலே.

காலில் கட்டும் பை எப்போதும் சிறுநீர்ப்பையை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கே பாயும். இரயிலின் மேல் படுக்கையில் படுத்துக்கொண்டு பையைத் தலைமாட்டில் வைத்தால், வடிந்த நீர் திரும்பவும் உள்ளே செல்ல முயலும். குழாய் மடங்காமலும் உடலுக்கு அடியில் நசுங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்பின் ஆறாம் முள்ளெலும்பு அளவிலோ அதற்கு மேலோ தண்டுவடம் காயமுற்றவர்களுக்கு, குழாய் அடைபட்டால் இரத்த அழுத்தம் திடீரெனப் பேரளவு உயரும். கடுந்தலைவலியும் வியர்வையும் கண்டால் நிமிர்ந்து உட்கார்ந்து, முதலில் குழாயைச் சோதிக்க வேண்டும். சரியாகாவிடில் உடனே மருத்துவ உதவி தேவை.

விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் உள்ளது போன்றதன்று. ஏறத்தாழ 1800 முதல் 2400 மீட்டர் உயரமுள்ள மலையின் உச்சியில் இருக்கும் அளவே இருக்கும். பாயில் விதிப்படி, அடைத்து வைத்த காற்றின் பருமன் மூன்றில் ஒரு பங்கு வரை கூடலாம். எனவே விமானம் ஏறுமுன் காலில் உள்ள பையைக் காலி செய்து, அதிலுள்ள காற்றையும் வெளியேற்றிவிடுவது நல்லது. போலி குழாயின் பலூனைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. அதில் இருப்பது நீர். அழுத்த மாறுதலால் அது விரியாது.

எட்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு ஒரு மில்லி லிட்டர் வீதம் 480 மில்லி லிட்டர் சேரும். 500 மில்லி லிட்டர்ப் பை தாங்கும் போலத் தோன்றும். ஆனால் தண்ணீர் மிகுதியாகக் குடித்தால் இது இரு மடங்காகலாம். ஆகவே பை மூன்றில் இரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வசதியாக, பேருந்து எங்கெங்கு நிற்கும் என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் பலர் ஒரு தவற்றைச் செய்கின்றனர். கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகின்றனர். வெப்பமான ஊர்களில் இது மிகவும் ஆபத்தானது. சிறுநீர் அடர்ந்து, உப்புகள் படிந்து, குழாய் அடைபடும், கல் உண்டாகும், கிருமிகள் பெருகும். எவ்வளவு நீர் குடிப்பது, எத்தனை முறை வடிப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டு அறிந்து, பயணத்தின்போதும் அதையே பின்பற்ற வேண்டும். கழுவுவதற்குக் காய்ச்சி ஆறிய நீரை ஒரு சீசாவில் கொண்டுசெல்லலாம். குழாய்களைத் தேவைக்கு மேல் சிலவற்றைக் கூடுதலாக, கைப்பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். பெரிய பெட்டி வழிதவறினால் பயணமே முடங்கிவிடும் அல்லவா? விமான நிலையச் சோதனையில் கூச்சமின்றி விளக்க, மருத்துவரின் சிறு கடிதம் உதவும்.

குழாயும் மாறிக்கொண்டே இருக்கிறது. 1983-இல் சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று, நீரில் நனைத்ததும் வழவழப்பாகிவிடும் பூச்சுள்ள குழாயை வெளியிட்டது. சுசுருதர் காலத்து நெய்யின் வேலையை இப்போது ஒரு மெல்லிய நீர்ப்படலம் செய்கிறது! இவை ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்கானவை, விலையும் கூடுதல். அமெரிக்க முதியோர் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், மாதத்திற்கு நான்கு குழாய்களுக்கே பணம் தந்து வந்தது. 2008-இல்தான் அதை 200 வரை உயர்த்தியது. ஒவ்வொரு முறையும் புதுக்குழாய் வாங்க இயலாத எண்ணற்றோர் இன்றும் கழுவி உலர்த்தியே பயன்படுத்துகின்றனர். அவர்களுக்குத் தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை இன்னும் இன்றியமையாதது.

கடைசித் தடை: ஒரு கதவு

கைப்பையில் குழாய் இருக்கிறது. கற்ற கை இருக்கிறது. இனி வேண்டுவது, கதவைத் தாழிட்டுக்கொள்ளக்கூடிய ஒரு சுத்தமான அறை. இதனைப் பெறவும் மக்கள் போராட வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஊனமுற்ற மாணவர்களுக்காக உழைத்த டிமத்தி நியூஜென்ட்டின் முயற்சியால், கட்டடங்களுக்கான முதல் அளவுநெறிகள் 1961-இல் வெளிவந்தன. சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையின் அளவும் அவற்றுள் ஒன்று. 1970-இல் பிரிட்டன் இயற்றிய சட்டம், பொதுக் கழிப்பறைகளில் ஊனமுற்றோருக்கும் வசதி செய்யவேண்டும் என்றது. வசதி செய்த பிறகு வேறொரு தொல்லை முளைத்தது. அறைகள் பாழ்படுத்தப்பட்டன; நகராட்சிகள் பூட்டுப் போட்டன; தேவைப்படுவோர் சாவி தேடி அலைந்தனர். 1981-இல் அங்கு ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. நாடெங்கும் உள்ள அத்தகைய கழிப்பறைகளுக்கு ஒரே வகைப் பூட்டு. தேவைப்படுவோர் ஒவ்வொருவரிடமும் ஒரு சாவி. 1986-இல் ஜெர்மனியிலும் இத்தகைய சாவித் திட்டம் தொடங்கியது. வெள்ளிக் குழாயைத் தொப்பியில் மறைத்த காலம் போய், கழிப்பறைச் சாவியைச் சட்டைப் பையில் வைத்து நடக்கும் காலம் வந்தது.

இந்தியாவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறியது. பேருந்து நிறுத்தங்கள், இரயில் நிலையங்கள், விமான நிலையங்கள் ஆகியவற்றின் கழிப்பறைகள் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத் தக்கவையாக இருக்க வேண்டும் என்று அச்சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது.

சட்டம் கேட்பது ஒருபுறம் இருக்க, வடிகுழாயுடன் வருபவர் கேட்பது மிகச் சிறிது. கை கழுவத் தண்ணீர். பொருள்களைத் தரையில் வைக்காமல் இருக்க ஓர் அலமாரித் தட்டு. பையை மாட்ட ஒரு கொக்கி. பயன்படுத்தியதைப் போட மூடியுள்ள ஒரு தொட்டி. உள்ளே இருந்து தாழிடும் கதவு. இவற்றுள் ஒன்றும் அரிய பொருளன்று. பள்ளியிலும் கல்லூரியிலும் அலுவலகத்திலும் திருமண மண்டபத்திலும் கழிப்பறை கட்டுவோர் இந்த ஐந்தையும் மனத்தில் கொண்டால், சிலர் வீட்டை விட்டு வெளியே வருவர்.

கழிப்பறையில் சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்பவரைக் கண்டு கதவைத் தட்டாமல் பொறுத்திருப்பதும், கால்சட்டைக்குள் புடைத்திருக்கும் பையை உற்றுப் பாராமல் இருப்பதும் நம் ஒவ்வொருவராலும் இயலும். இவற்றுக்குச் சட்டமும் வேண்டாம், செலவும் இல்லை.